உறுமும் நாயை அடிக்கச் சொல்பவர்களுக்கு

"பழைய நாய் புதுக் குட்டியைப் பார்த்து உறுமினால் ஒரு தட்டு தட்டுங்கள், அடங்கிவிடும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அடங்கத்தான் செய்யும், ஆனால் சத்தம் மட்டும். எரிச்சல் உள்ளேயே இருக்கும். உறுமல் "தள்ளிப் போ" என்ற எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடலாம்.

உறுமியதும் குட்டி விலகிப் போனால் சரி, நீங்கள் தலையிடவே வேண்டாம். விடாமல் மேலே ஏறிக் குதிக்கிறதா, குட்டியைத் தூக்கி அப்பால் கொண்டுபோங்கள். பெரியது முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கண்ணோரத்தில் வெள்ளை தெரிவது, உடம்பு விறைத்து அப்படியே நிற்பது இதெல்லாம் பெரும்பாலும் உறுமலுக்கு முன்பே வரும். நாம்தான் கவனிப்பதில்லை. வயதான நாய்க்கு மூட்டுவலி இருந்தால் குட்டி லேசாக இடித்தாலே வலிக்கும். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுத் தட்டு இரண்டும் தனித்தனி அறையில். அப்புறம், "இரண்டையும் தெருவில் வைத்து முதலில் பழக்குங்கள்" என்று சொல்வதும் ஆபத்துதான். தடுப்பூசி முடியாத குட்டிக்குத் தெரு மண்ணிலிருந்து பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் தொற்றலாம். வேறு நாய்கள் வராத மொட்டை மாடி போதும்.