அவள் தோல் வழியாக மூச்சு விடுகிறாள்

தம்பி: அக்கா, ‘வெறும் கேம்தானே’ என்பதை வேறு மாதிரி எப்படிச் சொல்லலாம்?

அக்கா: ஏன், அதற்கென்ன குறை?

தம்பி: ஏற்கெனவே ஒன்பது தடவை எழுதிவிட்டேன். பத்தாவது தடவை எழுதினால் எனக்கே நம்பிக்கை போய்விடும் போலிருக்கிறது.

அக்கா: யாருக்கு எழுதுகிறாய்?

தம்பி: ஆபீஸ் தோழிக்கு. மெட்டல் கியர் சாலிட் 5-ல் குவயட் என்று ஒருத்தி வருவாளே, அவளைக் காட்டியிருக்கிற விதம் அசிங்கம் என்று சொல்லிவிட்டாள். மத்தியானத்திலிருந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா: மணி பத்து. வெறும் கேமுக்கு எட்டு மணி நேரமா?

தம்பி: கேம் வெறும் கேம்தான். அதைக் குறை சொன்னால் விஷயமே வேறு.

அக்கா: சரி, அசிங்கம் என்று எதைச் சொன்னாள்?

தம்பி: போர்க்களத்தில் ஒரு பிகினி மேலாடையும் கிழிந்த காலுறையுமாகத் திரிகிறாள் என்று. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது அக்கா. (குரலைத் தாழ்த்தி, ராணுவ ரகசியம் சொல்வதுபோல) அவள் தோல் வழியாக மூச்சு விடுகிறாள்.

அக்கா: யார், உன் ஆபீஸ் தோழியா?

தம்பி: குவயட்! தீயில் நுரையீரல் வெந்துபோய்விட்டது. ஒட்டுண்ணி சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார்கள். இப்போது செடி மாதிரி வெயிலைக் குடித்துத்தான் வாழ்கிறாள். துணி போட்டு மூடினால் மூச்சு முட்டிச் செத்துப்போவாள். எல்லாம் கதையிலேயே இருக்கிறது.

அக்கா: பூட்ஸ்?

தம்பி: என்ன பூட்ஸ்?

அக்கா: காலில் பூட்ஸ் போட்டிருக்கிறாள். கையுறையும் இருக்கிறது. அங்கெல்லாம் மூச்சு வராதா?

தம்பி: கால்... அவ்வளவாக வராது.

அக்கா: எங்கே பார்க்க வைக்க வேண்டுமோ, சரியாக அங்கே மட்டும் மூக்கு முளைத்திருக்கிறது. பெரிய மருத்துவ அதிசயம்தான்.

தம்பி: கிண்டல் பண்ணாதே. 2013-லேயே கேமை இயக்கிய கொஜிமா சொன்னார், உண்மைக் காரணம் தெரிந்தால் உங்கள் பேச்சுக்காக நீங்களே வெட்கப்படுவீர்கள் என்று.

அக்கா: 2015-ல் கேம் வந்தது. காரணம் தெரிந்தது. வெட்கமும் வந்தது. ஆனால் எனக்காக வரவில்லை.

தம்பி: யாருக்காக?

அக்கா: அதே 2013-ல், பாத்திரங்களைக் கொஞ்சம் ‘எரோட்டிக்’காக வரையச் சொன்னேன் என்றும் அவரே சொன்னார். ஆட்கள் அந்த வேடம் போடுவார்கள், பொம்மையும் நன்றாக விற்கும் என்று. அப்புறம் அந்தச் சொல் சரியாக அமையவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். அந்தப் பேச்சில் நுரையீரலும் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை. துணியை முதலில் குறைத்துவிட்டு நோயை அப்புறம் தேடியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

தம்பி: ஆனாலும் அவள் தோல் வழியாக—

அக்கா: மூச்சு விடுகிறாள். தெரியும். தாத்தா ஞாபகம் இருக்கிறதா?

தம்பி: எந்தத் தாத்தா? நம் தாத்தாவா?

அக்கா: மூன்றாம் பாகத்துத் தாத்தா. 2004-ல் வந்ததே, அதில் தி எண்ட் என்று ஒருவர். நூறு வயதைத் தாண்டியவர். அவருக்கும் மறைந்திருந்து சுடுகிற வேலைதான். அவரும் செடி மாதிரி வெயிலைக் குடித்து உயிர் வாழ்கிறவர்தான். அவர் என்ன உடுத்தியிருக்கிறார்?

தம்பி: ...அவருக்கு வயசாகிவிட்டது அக்கா.

அக்கா: அதே இயக்குநர், அதே துப்பாக்கி வேலை, கிட்டத்தட்ட அதே ஒளிச்சேர்க்கை. தாத்தாவுக்கு மட்டும் வெயில் துணியைத் தாண்டி உள்ளே போகிறது.

தம்பி: தாத்தா சட்டையில்லாமல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

அக்கா: அதைத்தான்டா அவளும் சொல்கிறாள். உனக்கு எட்டு மணி நேரம் ஆகிறது, அவளுக்கு ஒரு வரி போதும்.

(தம்பி எழுதியதில் இரண்டு பத்தியை அழிக்கிறான். அழித்துவிட்டு, அதையே வேறு எழுத்துருவில் மறுபடி எழுதுகிறான். இப்படிச் செய்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், மிகைப்படுத்தவில்லை.)

தம்பி: சரி, உடை போகட்டும். கேமையே தடை செய்ய வேண்டும் என்கிறாளே, அது நியாயமா?

அக்கா: அப்படியா எழுதியிருக்கிறாள்? படி.

தம்பி: ‘குவயட்டை இப்படிக் காட்டியது அசிங்கம். உடையை விடு, கேமராதான் முதல் குற்றவாளி. ஆனாலும் இந்த கேமை நான் விடமாட்டேன்.’ பார்த்தாயா மிரட்டலை? விடமாட்டாளாம்!

அக்கா: எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறாள்?

தம்பி: நூற்றிருபது.

அக்கா: நூற்றிருபது மணி நேரம் ஆடியவள் ‘விடமாட்டேன்’ என்றால் என்னடா அர்த்தம்? ஆடுவதை நிறுத்தமாட்டேன் என்று அர்த்தம். நீ போர்வையை விடமாட்டேன் என்று காலையில் கத்துகிறாயே, போர்வையைத் தடை செய்யவா சொல்கிறாய்?

தம்பி: ...‘ஆனாலும்’ என்பதைக் கவனிக்கவில்லை.

அக்கா: கவனிக்கமாட்டாய். ‘அசிங்கம்’ என்ற இடத்திலேயே பதில் எழுத ஆரம்பித்திருப்பாய். ஒருத்தி ஒரு கேமை ரசித்துக்கொண்டே குறை சொல்வாள் என்பது உங்களுக்கு ஏன் புரிவதே இல்லை? வேண்டாதவள் ஏன் நூற்றிருபது மணி நேரம் உட்கார்ந்து கவனிக்கப் போகிறாள்?

தம்பி: குறை சொன்னால் மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் கேம் கெட்டுப்போகும். அதுதான் பயம்.

அக்கா: 2016-ல் ஓவர்வாட்ச் வெளிவரும் முன்னால், ட்ரேசர் பின்பக்கத்தைக் காட்டித் திரும்பிப் பார்க்கிற ஒரு போஸைப் பற்றி ஓர் ஆட்டக்காரர் எழுதினார். அவளுடைய குணத்துக்கு இது ஒட்டவே இல்லை என்று. கேமைச் செய்த பிளிசார்ட் நிறுவனம் அதை எடுத்துவிட்டது. பதிலுக்கு வந்ததும் குறும்பான போஸ்தான். அன்று உலகம் அழிந்துவிடும் என்று கத்தியவர்கள் இன்று அந்தப் பழைய போஸை வரைந்து காட்டச் சொன்னால் முழிப்பார்கள்.

தம்பி: படைப்பாளியின் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறது.

அக்கா: இருக்கிறது. லாரா கிராஃப்டை உருவாக்கிய டோபி கார்ட், முதல் டூம் ரெய்டர் 1996-ல் வந்த அடுத்த வருஷமே நிறுவனத்தை விட்டுப் போனார். விளம்பரத்தில் அவளைக் கவர்ச்சிப் பொம்மையாக்கியது பிடிக்காததும் அதற்கு ஒரு காரணம். அந்தப் படைப்பாளியின் சுதந்திரத்துக்காக நீ எத்தனை பக்கம் எழுதினாய்?

தம்பி: அப்போது நான் பிறக்கவே இல்லை.

அக்கா: குவயட்டின் ஒட்டுண்ணிக்கு மட்டும் சரியாகப் பிறந்து வந்திருக்கிறாய்.

தம்பி: ஆண்களையும்தான் சட்டையில்லாமல் காட்டுகிறார்கள்! காட் ஆஃப் வார் பார். 2005-லிருந்து க்ராடோஸ் வெற்று மார்போடு அலைகிறான். யாராவது கேட்டார்களா?

அக்கா: நல்ல கேள்வி. க்ராடோஸைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றும்?

தம்பி: அவன் மாதிரி ஆக வேண்டும் என்று.

அக்கா: குவயட்டைப் பார்த்தால்?

தம்பி: (நீண்ட யோசனைக்குப் பிறகு) அவள் மாதிரி குறி பார்த்துச் சுட வேண்டும் என்று.

அக்கா: காது சிவக்கிறது. நீயும் காது வழியாகத்தான் மூச்சு விடுகிறாயோ?

தம்பி: அக்கா!

அக்கா: க்ராடோஸ் கத்தியைச் சுழற்றும்போது கேமரா அடியைக் காட்டுகிறது. குவயட் மழையில் நனையும்போது கேமரா எங்கே போய் நிற்கிறது என்று பார். தோல் மூச்சு விட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கேமரா ஏன் குனிய வேண்டும்? கேமராவுக்குமா நுரையீரல் வெந்துபோனது?

(பதில் இல்லை. சிறிது நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும். பத்தாவது ‘வெறும் கேம்தானே’ விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.)

தம்பி: கற்பனை உலகம் அக்கா. அதில் போய் யதார்த்தம் தேடுவது தப்பு.

அக்கா: சரியாகச் சொன்னாய். 2021-ல் ஹொரைசன் இரண்டாம் பாகத்தின் காட்சி வந்தபோது, நாயகி அலாயின் முகம் உப்பியிருக்கிறது என்று ஒரு கூட்டம் புலம்பியதே. அதில் நீ இருந்தாயா?

தம்பி: நான் ஒரு லைக் மட்டும்தான் போட்டேன்.

அக்கா: அதற்கு முந்தின வருஷம், லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்து ஆபியின் கையைப் பார்த்துவிட்டு ‘எந்தப் பெண்ணுக்குடா இப்படித் தசை இருக்கும்’ என்று இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தைப் பாழாக்கினாயே?

தம்பி: அது நம்புகிற மாதிரி இல்லை.

அக்கா: ஓர் உண்மையான விளையாட்டு வீராங்கனையின் உடம்பை வைத்துச் செய்தது அது. ஒருத்தி தோல் வழியாக மூச்சு விடுகிறாள் என்றால் நம்புகிறாய். தினமும் எடை தூக்கினால் கை தடிக்கும் என்றால் நம்பமாட்டேன் என்கிறாய்.

தம்பி: ...

அக்கா: எழுதிக்கொள். நல்ல வரி.

தம்பி: நீ மட்டும் யோக்கியமா? பயோனெட்டா ஆடுகிறாயே! அவள் உடையே தலைமுடிதான். பெரிய அடி அடிக்கும்போதெல்லாம் முடி அந்தப் பக்கம் போய்விடும், உடை காணாமல் போய்விடும்.

அக்கா: ஆடுகிறேன். 2009-லிருந்து இன்றுவரை ஆடுகிறேன். அவளை வரைந்தது மாரி ஷிமாசாகி என்ற பெண்.

தம்பி: ஆகா! பெண் வரைந்தால் சரி, ஆண் வரைந்தால் தப்பா?

அக்கா: (முதல் முறையாகக் கொஞ்சம் தடுமாறி) இல்லை. அது போதாது, ஒப்புக்கொள்கிறேன். பயோனெட்டா விஷயத்தில் பெண்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: கேமரா இருப்பது பயோனெட்டாவுக்குத் தெரியும், அதை அவள்தான் ஆட்டி வைக்கிறாள். குவயட்டுக்குக் கேமரா இருப்பதே தெரியாது. உன் தோழி வேறு மாதிரி சொல்லலாம். சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். எட்டு மணி நேரம் கடிதம் எழுதமாட்டேன்.

தம்பி: அப்படியானால் எல்லாக் குறையும் நியாயம் இல்லை என்று ஒப்புக்கொள்!

அக்கா: தாராளமாக. ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கேமைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஆடுகிறவன் எல்லோரும் வக்கிரம் பிடித்தவன் என்பவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். ஆடாமல் பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது.

தம்பி: அதைத்தான் நானும் சொல்கிறேன்!

அக்கா: நீ எத்தனை மணி நேரம் ஆடினாய்?

தம்பி: எதை?

அக்கா: தாயக்கட்டையை. மெட்டல் கியரைத்தான்டா.

தம்பி: ஒரு... ஆறு மணி நேரம் இருக்கும்.

அக்கா: எந்த மிஷனில் நிற்கிறாய்?

தம்பி: எட்டு.

அக்கா: குவயட்டோடு மோதுவது பதினொன்றாவது மிஷன். நீ இன்னும் அவளைப் பார்க்கவே இல்லை!

தம்பி: வீடியோவில் பார்த்திருக்கிறேன். காரணமெல்லாம் அதில் சொன்னார்கள்.

அக்கா: இரு, தப்பாகச் சொல்லிவிட்டேன். பார்த்திருக்கிறாய். ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக்குள் கொல்ல வருகிறாளே ஒருத்தி, கடைசியில் தீப்பிடித்து ஜன்னல் வழியாக விழுவாளே, அவள்தான் குவயட்.

தம்பி: பொய்! அவள் உடம்பு முழுக்கத் துணி போட்டிருந்தாளே!

அக்கா: அதனால்தான் உனக்கு அடையாளம் தெரியவில்லை.

(இந்த இடத்தில் தம்பி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான். வரும்போது புது வாதத்தோடு வருவான் என்று அக்காவுக்குத் தெரியும்.)

தம்பி: ஆனால் கதையில் அவளுக்கு எவ்வளவு மரியாதை! பேசினால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று பேசாமலே இருக்கிறாள். குரல்வளையில் இன்னொரு ஒட்டுண்ணி.

அக்கா: கடைசியில் அவள் பேசுகிற இடத்தில் நானும் அழுதேன். அது நல்ல காட்சி. அதைக் கெடுக்கிற மாதிரி மீதி நேரமெல்லாம் அவளைக் காட்டினார்களே என்றுதான் கோபமே. ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அந்தக் கதையில் எத்தனை ஆண்கள் முழு உடுப்போடு நின்று நாள் கணக்காகப் பேசுகிறார்கள். இருக்கிற முக்கியமான ஒரு பெண்ணுக்கு மட்டும், உடுத்தாமல் இருக்க ஓர் ஒட்டுண்ணி, பேசாமல் இருக்க இன்னோர் ஒட்டுண்ணி.

தம்பி: (மெதுவாக) இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அக்கா: பதிலை அனுப்பப் போகிறாயா, இல்லையா?

தம்பி: எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஒரே ஒரு வரி மட்டும் அனுப்பினேன்.

அக்கா: மன்னிப்பா?

தம்பி: ‘அவள் தோல் வழியாக மூச்சு விடுகிறாள் என்பது உனக்குத் தெரியுமா?’

அக்கா: டேய்!

தம்பி: கை தானாகப் போய்விட்டது அக்கா. இரு, பதில் வந்துவிட்டது.

அக்கா: இவ்வளவு சீக்கிரமா? என்ன எழுதியிருக்கிறாள்?

தம்பி: ஒன்றும் எழுதவில்லை. ஒரு படம் அனுப்பியிருக்கிறாள்.

அக்கா: யார் படம்?

தம்பி: தாத்தா.

அக்கா: சட்டை போட்டிருக்கிறாரா?

தம்பி: ...கழுத்து வரை.