புது வீடுகள் வந்தால் வரி குறையுமா?

புறநகரில் எந்தப் புதுக் குடியிருப்புத் திட்டம் வந்தாலும் ஒரு வாக்குறுதியும் கூடவே வந்துவிடுகிறது: வீடுகள் கூடினால் சொத்து வரி வருமானம் கூடும், பழைய குடியிருப்போரின் வரிச்சுமை குறையும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வயலும் தோப்பும் போய் வீடாக நிறைந்துவிட்ட புறநகர்க்காரர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், வரி குறைந்ததா என்று.

வெற்று நிலம் கட்டும் வரி சொற்பம்தான். ஆனால் அது ஊரிடம் கேட்பது அதைவிடச் சொற்பம். அதற்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டாம், குப்பை வண்டி வேண்டாம், தெருவிளக்கு வேண்டாம். அமெரிக்கன் ஃபார்ம்லாண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு 1980-களிலிருந்து பல ஊர்களின் வரவு செலவை நிலத்தின் பயன்பாடு வாரியாகப் பிரித்துப் பார்த்து வருகிறது. குடியிருப்புகளிலிருந்து ஒரு டாலர் வந்தால், அவற்றுக்கு ஒரு டாலருக்கு மேல் செலவாகிறது. விவசாய நிலத்துக்கும் திறந்தவெளிக்கும் பெரும்பாலும் அரை டாலர்கூட ஆவதில்லை. விவசாய நிலத்தைக் காக்கத் தொடங்கிய அமைப்பு அப்படித்தானே சொல்லும் என்பீர்கள். சரி, ஆனால் அந்தக் கணக்குகள் அந்தந்த ஊர் நிர்வாகத்தின் பட்ஜெட்டிலிருந்தே எடுத்தவை.

சாலையை மட்டும் பாருங்கள். மனை போட்டு விற்பவர் சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய் எல்லாம் போட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். புதுசாக இருக்கும்வரை செலவே தெரியாது, வரி மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்தச் சில வருடங்களைக் காட்டித்தான் அடுத்த திட்டத்துக்கும் அனுமதி வாங்குகிறார்கள். தார் பெயர்ந்து, குழாய் மூட்டுகள் கசியத் தொடங்கும்போது கட்டியவர் அங்கே இருக்க மாட்டார். பழுது பார்க்கப் பணம் வேண்டும், அதற்கு இன்னொரு குடியிருப்புக்கு அனுமதி. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குகிற குடும்பம் மாதிரிதான் இது.

மழைநீரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். புல்வெளியாக இருந்தால் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். அதே இடத்தில் கான்கிரீட் போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவும் வடிகாலுக்கு ஓடும், இல்லாவிட்டால் பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குள் போகும். மண் சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு நாம் வரி கட்டி வாய்க்கால் வெட்ட வேண்டியிருக்கிறது.

அதே வரியை நிலத்தைக் காப்பாற்றவும் செலவிடலாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகர மக்கள் 1967-ல் திறந்தவெளி வாங்குவதற்கென்றே வாக்களித்துத் தங்கள் மேல் ஒரு விற்பனை வரியைப் போட்டுக்கொண்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி 1974-ல் வேறு வழி பிடித்தது: விவசாயியிடமிருந்து நிலத்தை வாங்காமல், அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்குவது. நிலம் அவரிடமே இருக்கும், பயிரும் நடக்கும், கையில் பணமும் வரும். நிலத்தை விற்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் விவசாயியிடம் "விற்காதே" என்று வெறும் வாயால் சொல்ல நமக்கு என்ன உரிமை? அதனாலேயே எனக்கு இந்த இரண்டாவது வழி ரொம்பப் பிடிக்கும்.

வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு வேண்டும். ஆனால் குழாயும் பேருந்தும் பள்ளியும் ஏற்கெனவே உள்ள இடத்தில், பாழடைந்து கிடக்கும் கட்டடங்களின் இடத்தில், ஒன்றிரண்டு மாடி கூட்டிக் கட்டலாமே. விளிம்பில் இருக்கும் வயலைத்தான் முதலில் தொட வேண்டுமா?

உங்கள் பகுதியில் அடுத்த திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் தயவுசெய்து போங்கள். முதல் வருட வரி வருமானத்தைக் காட்டுவார்கள். அடுத்த 30 வருடச் செலவைக் கேளுங்கள்: சாலையை யார் பராமரிப்பது, கூடுதல் வகுப்பறைகளை யார் கட்டுவது, வடிகால் யார் பொறுப்பு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால், மறுத்ததைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.