லிந்தாங் சாலையில் துப்பாக்கிச் சத்தம் மட்டுமா கேட்டது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் லிந்தாங் சாலையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்கார நிர்வாகி ஆர்தர் வாக்கர் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டதும், அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு துரைகள் கொல்லப்பட்டதும், இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்ததும் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அன்று பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நின்று, பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போயிருந்த எங்கள் தமிழ்த் தொழிலாளர்கள் எங்கே? பன்னிரண்டு ஆண்டு நீடித்த அவசரகாலத்தில் ஊரடங்கையும், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க நடந்த சோற்றுப் பொட்டலச் சோதனையையும் சுமந்தவர்கள் அவர்கள்தானே? என் பாட்டி கடைசிவரை இருட்டிய பின் கதவைத் திறக்கமாட்டார்.

கட்டடங்களைப் பேசும்போது மகாத்மா காந்தி கலாசாலையை விட்டுவிட்டீர்கள். மனம் வலித்தது. இதே ஊரில் பிறந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் முயன்று எழுப்பிய தமிழ்ப் பள்ளி அது; 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். சம்பந்தன் பிறந்த நாளும் ஜூன் 16 என்பதைக் குறிப்பிட்டிருக்கலாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு மக்கள் தெருவில் நின்றபோது, மாதம் பத்து வெள்ளியாக (மலாயா டாலராக) தொழிலாளர்களே சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவரும் அவர்தான்.

துரை பங்களாவின் படம் மூன்று போட்டிருக்கிறீர்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் (வரிசை வீடுகளின்) படம் ஒன்றுகூட இல்லை. லயங்கள் இடிந்து, அந்த இடத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஏறிவிட்டது, உண்மைதான். அங்கே வாழ்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பகுதி எழுதுமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.