1990இல் ஜெர்மனியில் புதிய நாடு பிறந்ததா?

‘1990இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் இரண்டும் கலைக்கப்பட்டு, புதிய அரசியலமைப்புடன் புதியதொரு நாடு உருவானது’ என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவிவருகிறது. இது தவறு.

கலைந்தது கிழக்கு ஜெர்மனி மட்டுமே. 1949 மே 23 அன்று மேற்கில் அரசியலமைப்பாகப் பிரகடனம் செய்யப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஜெர்மனியின் பிற பகுதிகளும் பின்னாளில் கூட்டாட்சிக் குடியரசில், அதாவது மேற்கு ஜெர்மனியில், இணைய வழிவிட்டிருந்தது. 1957இல் சார்லாந்து இணைந்ததும் அவ்வழியாகவே. 1990 ஆகஸ்ட் 23 அதிகாலையில் கிழக்கு ஜெர்மனி நாடாளுமன்றம் அதே பிரிவின்கீழ் இணைய 294க்கு 62 என்ற வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது. அக்டோபர் 3 முதல் பிராண்டன்பர்க், சாக்சனி, துரிங்கியா உள்ளிட்ட 5 மாநிலங்களும் கிழக்கு பெர்லினும் ஏற்கெனவே இருந்த குடியரசின் பகுதிகளாயின. அதன் சட்டமும் நாணயமும் ஐ.நா. உறுப்பினர் தகுதியும் தொடர்ந்தன. சான்ஸ்லராக ஹெல்முட் கோலே நீடித்தார்.

குழப்பத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. மக்கள் புதிய அரசியலமைப்பை ஏற்கும் நாளில் அடிப்படைச் சட்டம் காலாவதியாகும் என்று அதன் 146ஆம் பிரிவு கூறியது. அந்த வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதிட்டவர்களும் அன்று இருந்தனர். ஆனால், விரைவான வழியே வென்றது. இணைப்புக்காகச் சில திருத்தங்கள் மட்டுமே செய்யப்பட்டன: 23ஆம் பிரிவு நீக்கப்பட்டது, மாநிலங்களவையில் பெரிய மாநிலங்களின் வாக்குகள் 6 ஆக உயர்த்தப்பட்டன. 146ஆம் பிரிவு, மாற்றிய சொற்களுடன், இன்றும் அச்சட்டத்தில் இருக்கிறது.