கீசர் தெர்மோஸ்டாட்ட பைபாஸ் பண்ணாதீங்க

அண்ணே, மேல 'தண்ணி சுடலன்னா தெர்மோஸ்டாட் போச்சுன்னு அர்த்தம், ரெண்டு ஒயரையும் சேத்து டைரக்டா குடுத்துடுங்க'ன்னு போட்ருக்கீங்க, தயவுசெஞ்சு யாரும் அத செஞ்சுடாதீங்க. தண்ணி சுட்டதும் கரண்ட நிறுத்துறதே தெர்மோஸ்டாட்தான், அது இல்லன்னா சூடு பண்ற காயில் நிக்காம ஓடி தண்ணி கொதிச்சு பிரஷர் ஏறும், சூடு மீறுனா கரண்ட துண்டிக்கிற கட்அவுட்டும் சேந்து போச்சுன்னா சேஃப்டி வால்வு ஒண்ணுதான் காவல், நம்ம வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணில அந்த வால்வே அடைச்சுக் கெடக்கும்.

தண்ணி சுடலன்னா தெர்மோஸ்டாட்தான்னு இல்ல. மன்னார்குடில எங்க வீட்டுல போன மார்கழில தெர்மோஸ்டாட்ட மாத்துனப்பறமும் சுடல, பாத்தா காயில் அவுட்டு. மொதல்ல எம்சிபிய (போர்டுல இருக்க பிரேக்கர் சுவிட்ச) எறக்கிட்டு டெஸ்டர் வச்சு கரண்ட் இல்லன்னு பாருங்க. கட்அவுட் பட்டன் வெளில வந்துருந்தா அமுக்கி விடுங்க, அது திரும்பத் திரும்ப விழுந்தா தெர்மோஸ்டாட் ஒட்டிகிச்சான்னு சந்தேகப்படணும். ஒயர கழட்டிட்டு மல்டிமீட்டர் வைங்க, தண்ணி ஆறியிருக்கப்ப தெர்மோஸ்டாட்ல கன்டினியூட்டி (கரண்ட் போற வழி அறுபடாம இருக்குன்னு மீட்டர் காட்டுறது) வரணும், வரலன்னா போச்சு. 2000 வாட் காயில் 26 ஓம் பக்கம் காட்டும், ஒண்ணுமே காட்டலன்னா காயில்தான்.

தெர்மோஸ்டாட்ட மாத்துறப்ப பழசோட கம்பி (உள்ள சொருகியிருக்க தண்டு) நீளம், ஆம்பியர் ரெண்டும் பாத்து வாங்குங்க. கம்பி போற குழாய்க்குள்ள தண்ணி இருக்காது, அதனால டேங்க காலி பண்ண வேண்டாம், ஆனா உருவுறப்ப கம்பி ஈரமா வந்துச்சுன்னா அந்தக் குழாயே ஓட்டைண்ணே.