ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் பொறி வரும்

ஃபெர்ரோ ராடில் (சுரண்டினால் பொறி பறக்கும், தீ மூட்டப் பயன்படும் உலோகக் குச்சி) பொறி வரக் கார்பன் ஸ்டீல் கத்திதான் வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை வழிமொழிந்திருப்பதால் ஒரு சின்னத் திருத்தம்.

ஃபெர்ரோ ராடில் எரிவது கத்தி அல்ல, ராடுதான். அதில் சீரியம் என்ற, எளிதில் பற்றும் உலோகம் கலந்திருக்கிறது. சுரண்டும்போது உதிரும் துகள்கள் உரசல் சூட்டிலேயே காற்றில் பற்றிக்கொள்கின்றன. கத்திக்குச் சுரண்டும் வேலை மட்டும்தான். கார்பன் ஸ்டீல் வேண்டும் என்பது சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பொருந்தும். அங்கே கல்தான் எஃகைச் சீவுகிறது, எரிவது எஃகுத் துகள். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால் வந்த பேச்சு இது என்று நினைக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் கத்தியே இல்லாமல் பாருங்கள். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் (கையுறை கட்டாயம்!) ராடை அழுத்திச் சுரண்டினாலும் பொறி பறக்கும். கண்ணாடியில் ஏது கார்பன் ஸ்டீல்?

அப்புறம் ஏன் சில கத்திகளில் வருவதில்லை? கத்தியின் முதுகைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் ஓரங்கள் உருண்டிருக்கும், அல்லது மேலே பூச்சு இருக்கும். வெட்டும் பக்கத்தை மூடிவிட்டு, கத்தியை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) கவ்வி, பக்கவாட்டுக்குச் சரியாக 90 டிகிரியில் தட்டை அரத்தால் முதுகைத் தேயுங்கள். ஓரத்தை நகத்தின் மேல் மெதுவாக இழுத்தால் மெல்லிய சீவல் வர வேண்டும். வந்தால் ராடையும் சீவும். புது ராடு என்றால் அதன் கறுப்புப் பூச்சையும் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள்.