கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் கதவு திறந்துவிடுமா?

சென்ற வாரம் நான் எழுதிய பதிவும் அதன் கீழே நடந்த கூத்தும் இங்கிருக்கும் பலருக்குத் தெரியும் என்பதால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. பெரும் பொருட்செலவில் வந்த அந்த ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை) விளையாட்டு பார்க்க அழகு, ஆனால் நடுநடுவே உறைந்து நிற்கிறது, நம்மை விளையாடவும் விடுவதில்லை என்று நான் எழுதியதில் பாதியைக்கூடப் படிக்காத ஒருவர், "முதலில் நல்ல பிசி வாங்குங்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வழங்கிவிட்டுப் போனார். அந்த வரிக்கு என் பதிவைவிட அதிக லைக் விழுந்தது. அதுகூடப் போகட்டும். எத்தனையோ இரவுகள் என்னோடு சேர்ந்து விளையாடிய நண்பர் ஒருவர் அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாய்விட்டுச் சிரிக்கும் பொம்மைகளோடு எங்கள் குழுவில் பகிர்ந்திருந்தார்.

படம் தெளிவாக இல்லை என்று நான் எங்குமே எழுதவில்லை. விளையாட்டு என் கையில் இல்லை என்றுதான் எழுதினேன். இரண்டும் வேறு வேறு.

பிசியைக் குறை சொன்னவருக்காகவே இதை விளக்குகிறேன். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில் எல்லோருக்கும் ஒரே வன்பொருள் என்பதால் ஷேடர்களை, அதாவது ஒளி, புகை, நிழலையெல்லாம் எப்படி வரைவது என்று சொல்லும் சின்னச் சின்ன நிரல்களை, முன்கூட்டியே தயார்செய்து கொடுத்துவிட முடிகிறது. பிசியிலோ ஆளுக்கொரு கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஆளுக்கொன்று என்பதால் அந்த வேலை நம் கணினியில்தான் நடந்தாக வேண்டும். அதை ஆரம்பத்திலேயே ஒழுங்காக முடிக்காமல் விட்டால், புதிதாக ஒரு வெடிப்போ புகையோ திரையில் தோன்றும் அந்த நொடியில் செய்ய வேண்டிவரும், படம் உறைந்து நிற்கும். இது பெரும்பாலும் பிராசஸரின் தலையில் விழும் வேலை. எவ்வளவு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் இதை முழுதாகத் தீர்த்துவிடாது. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. ஒரே ஒரு ஃபிரேம் 200 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், எதிரி ஒளிவிலிருந்து தலைநீட்டிச் சுட்டுவிட்டு மறைவதற்கு அது தாராளமாகப் போதும். சராசரிக் கணக்கிலோ அது தெரியவே தெரியாது. "எனக்குச் சராசரி நொடிக்கு 110 ஃபிரேம் வருகிறதே" என்று எழுதிய நண்பர்கள் கவனிக்கவும்.

ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வசதியைப் போட்டுக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. அது இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே கணித்து வரைந்த ஒன்றைச் செருகுகிறது. கண்ணுக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நடு ஃபிரேம் என் மவுஸ் அசைவுக்குக் கட்டுப்பட்டதல்ல. மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: பார்க்க நன்றாக இருக்கிறது, என் கையில் இல்லை.

இதையெல்லாம் பேட்ச் என்ற திருத்த மென்பொருளால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடுவார்கள், நான் மறுக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயத்துக் கதவை எந்தப் பேட்ச் சரிசெய்யும்? எதிரிகள் அனைவரையும் முடித்துவிட்டுக் கதவருகே போய் நின்றால் அது திறக்காது. நம் தளபதி பின்னால் ஆடி அசைந்து வந்து, ஒரு வசனம் பேசி, தன் கையால் திறந்த பிறகுதான் நமக்கு அனுமதி. அதுவரை துப்பாக்கியைத் தானாகவே தாழ்த்திப் பிடித்துவைக்கிறது விளையாட்டு. ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன்: அந்தக் கதவிலிருந்து நான் சுட்ட அடுத்த தோட்டா வரைக்கும் ஏழு நிமிடம். இதற்கு எந்தக் கார்டு வாங்கலாம் என்று அறிஞர்கள் பரிந்துரைத்தால் நன்றி.

சிறுவயதில் எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே கணினிதான். சண்டை வராமலிருக்க, நடப்பது அண்ணன், சுடுவது நான் என்று பிரித்துக்கொண்டோம். அவர் கீபோர்டில், நான் மவுஸில். 1998-இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் என்ற ஷூட்டரை அப்படித்தான் நாலு கையால் விளையாடி முடித்தோம். அந்தத் தொடக்க ரயில் பயணத்தில் செய்ய எதுவுமே கிடையாது, ஆனாலும் பெட்டிக்குள் இங்குமங்கும் நடக்கலாம், எந்த ஜன்னலிலும் எட்டிப்பார்க்கலாம். அதில் வரும் விஞ்ஞானி தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கையில் அண்ணன் அவரைச் சுற்றிச் சுற்றிக் குதிப்பார், நான் குறிபார்க்க முடியாமல் கத்துவேன். நான்கு கைக்கும் வேலை கொடுத்த விளையாட்டு அது. இன்று இரண்டு கைக்கே வேலை இல்லை. பழம்பெருமை பேசுகிறேன் என்பீர்கள். பேசுகிறேன்தான், 2005-இலேயே ஃபியர் என்ற ஷூட்டரின் எதிரிகள் பக்கவாட்டில் சுற்றிவந்து மடக்கினார்கள் என்றால், இன்றைய எதிரி தூணுக்குப் பின்னால் நின்று முறைவைத்துத் தலைநீட்டுவதை நான் ஏன் மெச்ச வேண்டும்?

நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்ததை ஒரே பதிவில் உதறிவிட்டேன் என்றார் ஒருவர். இந்த ஒரு மறுப்பு மட்டும் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. மழையில் நனைந்த துப்பாக்கியின் திருகாணியைச் சுற்றி மட்டும் துருவேறியிருப்பதை வரைந்த கலைஞரை நான் வணங்குகிறேன். பழைய பதிவிலும் அதைச் சொல்லியிருக்கிறேன், படித்திருந்தால் தெரியும். "நீயே ஒன்று செய்து காட்டு" என்பவர்களுக்குப் பதில் இல்லை. "விளையாடத் தெரியாது" என்றவர்களுக்கு: மிகக் கடினமான நிலையில் 14 மணி நேரம் விளையாடி முடித்திருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு இரவு நிலையைக் குறைத்தேன், உண்மைதான். அதையும் நானேதான் எழுதினேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"பிடிக்காவிட்டால் ரிஃபண்ட் வாங்கியிருக்கலாமே." வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஷேடர் தயாராகும் பட்டையைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த 20 நிமிடமும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. அதைவிட, எனக்கு ரிஃபண்ட் வேண்டியிருக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று விரும்பித்தான் கடைசிவரை விளையாடினேன். வெறுப்பவன் 14 மணி நேரம் உட்கார மாட்டான் என்பது மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும், என்னோடு உட்கார்ந்து விளையாடிய அந்த நண்பருக்காவது புரிந்திருக்க வேண்டாமா? என் பதிவு தவறென்றால் நேரே எனக்கு எழுதியிருக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டில் என் பெயரையாவது மறைத்திருக்கலாம்.

நேற்றிரவு ஸ்டீமில் அவர் பெயருக்குக் கீழே அந்த விளையாட்டின் பெயர் தெரிந்தது. வழக்கம்போலக் கூப்பிடலாமா என்று ஹெட்செட்டைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். ஐந்தாம் அத்தியாயத்துக் கதவருகே ஏழு நிமிடம் சும்மா நிற்கும்போது அவரே கூப்பிடட்டும்.